கடைசியாகக் கை வைத்தது எதில்?

போன வருசம் என்னுடைய காருக்குள் மூன்று மணங்கள் இருந்தன. ஒன்று பெற்றோல். மற்றது கூழ்முட்டை. மூன்றாவது, இந்த இரண்டையும் மறைக்க நான் கண்ணாடியில் தொங்கவிட்ட எலுமிச்சம்பழ வாசனை அட்டை. முதல் இரண்டும் எஞ்சினின் பிழை. மூன்றாவது என்னுடைய பிழை. இண்டைக்கும் எனக்கு வெட்கமாக இருப்பது அந்த மூன்றாவதுதான்.

இது கார் விசர் பிடித்தவர்களுக்கு மட்டுமான கட்டுரை இல்லை. ஒரு பிழை வந்தால் அதை நாங்கள் எப்படித் தேடுகிறோம், தேடித் தருகிற ஆளுக்கு என்ன மரியாதை கொடுக்கிறோம் என்பதில் எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. அதில் முக்கால்வாசி என்மேல்தான். அதைச் சொல்ல எனக்கு ஒரு காரின் கதை தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

கார் 2003ஆம் ஆண்டுக் கொரோலா. எங்கட ஆக்கள் சுருக்கமாக '121' என்று சொல்லும் வகை. 1500 சிசி எஞ்சின். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்கள் திரும்ப வர 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருசத்தில் புதுசு வாங்க வழியில்லாத என் வயதுப் பெடியள் பலர், இருந்ததையே 'அப்கிரேட்' செய்யப் பழகிவிட்டோம். ஒருத்தன் ஸ்பிரிங் மாற்றினான், ஒருத்தன் சைலன்சர் மாற்றினான். நான் ஹெடரும் பொட் ஃபில்டரும் போட்டேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரியில்: ஹெடர் என்பது எஞ்சினில் இருந்து புகை வெளியே வரும் முதல் குழாய்த் தொகுதி. கம்பனி போடுவது குட்டையான வார்ப்பு. ஹெடரில் நான்கு சிலிண்டருக்கும் நான்கு நீளக் குழாய்கள் தனித்தனியாக வந்து பிறகு சேரும், அதனால் புகை இலகுவாக வெளியேறும். பொட் ஃபில்டர் என்பது காற்றுப்பெட்டியை எடுத்துவிட்டு வெறுமனே வைக்கும் கூம்பு வடிவ வடிகட்டி. இரண்டுக்கும் பூட்டுக்கூலியோடு 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபா முடிந்தது. எஞ்சினின் மற்ற எதையும் தொடாமல் இதை மட்டும் போட்டால் கூடும் வலு கொஞ்சம்தான், கூடுவது சத்தம். இது எனக்குப் போடும்போதே தெரியும். சத்தத்துக்குத்தான் போட்டேன். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பூட்டின அன்று ஒரு எரிந்த மணம் வந்தது. "புதுக் குழாய்தானே, மேல்பூச்சு எரியுது, ரெண்டு நாளில போயிடும்" என்றார்கள். அது உண்மை. புது ஹெடர் முதல் சில தடவை சூடாகும்போது பூச்சும் கை பட்ட எண்ணெயும் எரிந்து மணக்கும். நான் செய்த வேலை, அந்த இரண்டு நாள் சமாதானத்தை இரண்டு மாதத்துக்கு இழுத்ததுதான்.

வாங்கி வாங்கித் தேடிய பிழை

இரண்டாம் கிழமை வெள்ளவத்தைச் சிக்னலில் நிற்கும்போது கார் நடுங்கியது. ஸ்டியரிங்கில் கை வைத்தால் தெரியும், ஒரு தாளம் விடுபடுகிற மாதிரி. எங்கட பாசையில் 'மிஸ் அடிக்குது'. நான்கு சிலிண்டரில் ஏதோ ஒன்றில், ஏதோ ஒரு தடவை, உள்ளே போன பெற்றோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்றில் சும்மா ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 350 தடவை எரியவேண்டும். அதில் பத்து விடுபட்டாலே உடம்புக்குத் தெரிந்துவிடும்.

எரிவதற்கு நான்கு சாமான் வேண்டும்: அளவான காற்று, அளவான பெற்றோல், நேரத்துக்கு ஒரு பொறி, சிலிண்டருக்குள் போதிய அமுக்கம். மிஸ் அடிக்கிறது என்றால் இந்த நான்கில் ஒன்று குழம்பியிருக்கிறது. தேடல் இவ்வளவு எளிமையான கேள்வியில்தான் தொடங்கவேண்டும். நான் தொடங்கியது வட்ஸ்அப் குழுவில்.

ஒருத்தன் பிளக் என்றான். நான்கும் மாற்றினேன். இன்னொருத்தன் கொயில் என்றான். இந்த எஞ்சினில் ஒவ்வொரு பிளக்குக்கும் மேலே ஒரு கொயில் இருக்கும், நான்கையும் மாற்றினேன். இஞ்செக்டர் கழுவினேன். 92 ஒக்டேனை விட்டு 95 அடித்தேன். ஒக்டேன் என்பது பெற்றோல் அமுக்கத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு. அது அழுக்கைக் கழுவுகிற மருந்து இல்லை என்பதை அப்போது நான் யோசிக்கவே இல்லை. ஒவ்வொரு சாமானையும் மாற்றின அடுத்த நாள் கார் நல்லா ஓடுகிற மாதிரி இருக்கும். காசு கொடுத்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். மூன்றாம் நாள் திரும்ப நடுங்கும்.

இதற்கிடையில் லீற்றருக்கு 11 கிலோமீற்றர் ஓடின கார் 8க்கு வந்தது. புதுசாகப் போட்ட பிளக்குகள் கழற்றிப் பார்க்கையில் கரிச்சட்டி அடிமாதிரிக் கறுத்திருந்தன. பிறகு கூழ்முட்டை மணம் தொடங்கியது.

அந்த மணத்துக்கு ஒரு கடையில் சொன்ன மருந்து என்ன தெரியுமா? "கொன்வேட்டரைக் கழற்றிவிடுவம். மணம் போயிடும். காசும் தாறம்." புகைக்குழாயில் இருக்கும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் போன்ற விலை உயர்ந்த உலோகங்கள் மெல்லிய படலமாக இருக்கும். அதற்காகத்தான் அந்த அன்பு. மணத்தையும் போக்கி, கையில் காசும் தருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? நான் ஓம் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்குக் காரணம் அறிவு இல்லை. புகைப் பரிசோதனையில் விழுந்தால் வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாது என்ற பயம்.

கடைசியாக ஒரு ஸ்கானர் போட்டுப் பார்த்தோம். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்த பழைய கார்கள் சில, மலிவு ஸ்கானரோடு கதைக்காது. எங்களுக்கு இரவல் வாங்கின ஒன்று கதைத்தது. பி 0171 என்ற குறியீடு வந்தது. அர்த்தம்: கலவையில் பெற்றோல் காணாது, காற்றுக் கூட. உடனே எல்லாரும் பெற்றோல் பம்பைப் பார்த்தோம். அடுத்த செலவு தயார்.

இப்போது திரும்பிப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. கொம்பியூட்டர் பெற்றோல் காணாது என்கிறது. பிளக் கறுத்துக் கிடக்கிறது, கார் பெற்றோல் மணக்கிறது, பெற்றோல் செலவு கூடியிருக்கிறது. இரண்டும் ஒரே மேசையில் எனக்கு முன்னால் இருந்தன. ஒன்று மற்றதை மறுக்கிறது என்பது என் கண்ணில் படவே இல்லை. அடுத்து எதை வாங்குவது என்பதிலேயே என் மூளை நின்றது.

முறிகண்டி

சித்திரை விடுமுறைக்கு அம்மாவை ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வெளிக்கிட்டேன். கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். நல்ல வெயில், கண்ணாடி முழுக்க மூடி ஏ.சி. அம்மா பின்சீற்றில். அநுராதபுரம் தாண்டும்போதே "தலை இடிக்குது மோனை" என்றா. வயிற்றைப் பிரட்டுது என்றா. நித்திரை இல்லாதது, பயணக் களைப்பு என்று நினைத்தோம். சித்தாலேப பூசினா. நான் வாசனை அட்டையைக் கொஞ்சம் கூடத் திறந்துவிட்டேன்.

ஏ9 வீதியில் எல்லாரும் நிற்கிற மாதிரி நாங்களும் முறிகண்டியில் நின்றோம். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கி, அரை மணித்தியாலம் மரநிழலில் இருந்தோம். அம்மாவுக்கு இடி குறைந்துவிட்டது. "பிள்ளையார்தான்" என்றா. திரும்பக் காரில் ஏறி, கிளிநொச்சி தாண்டவும் திரும்ப இடி. எனக்கும் கண்ணுக்குப் பின்னால் ஒரு பாரம்.

காருக்குள் இருக்கும்போது வருத்தம், இறங்கினால் சுகம். இதைவிடத் தெளிவாக ஒரு கார் பேசமுடியாது. எனக்கு அப்போதும் கேட்கவில்லை.

"எப்பவும் எண்டு ஒரு எஞ்சினும் பிழைக்காது"

யாழ்ப்பாணத்தில் கொக்குவில் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள் ஒரு ஐயா இருக்கிறார். எழுபதைத் தாண்டின வயது. பெயர்ப்பலகை இல்லாத கொட்டில். மாமாதான் கூட்டிக்கொண்டு போனார். நான் மாற்றின சாமான்களின் பட்டியலைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"மாத்தினது இருக்கட்டும் தம்பி. எப்ப மிஸ் அடிக்குது?"

"எப்பவும்தான் ஐயா."

"எப்பவும் எண்டு ஒரு எஞ்சினும் பிழைக்காது. யோசிச்சுச் சொல்லும். காலமையோ, சூடானாப் பிறகோ? நிக்கேக்கையோ, ஏத்தம் ஏறேக்கையோ? மணம் எங்க, பின்னாலயோ, பொனட் பக்கமோ?"

யோசித்தேன். காலையில் முதல் ஸ்ராட்டில் ஒரு 'டிக் டிக்' சத்தம் வரும், சூடானதும் போய்விடும். நடுங்குவது நிற்கும்போதுதான் கூட. பெற்றோல் மணம் பின்னால், ஆனால் ஏ.சி போட்டால் முன்னாலும் ஏதோ. இவ்வளவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த கேள்விதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. "இந்தச் சோலி துவங்க முதல், கடைசியா எதில கை வைச்சனீர்?"

ஹெடர் என்று சொல்ல எனக்கு ஒரு நிமிசம் எடுத்தது. உண்மையாகத்தான் சொல்கிறேன். 1 லட்சத்து 10 ஆயிரம் கொடுத்து, படம் எடுத்துப் போட்டு, நாற்பது பேர் நெருப்புக்குறி போட்ட சாமானை நானே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மனம் வரவில்லை. பிளக்கைச் சந்தேகப்பட்டேன், கொயிலைச் சந்தேகப்பட்டேன், பெற்றோல் செட்டைச் சந்தேகப்பட்டேன். என் கை பட்டதை மட்டும் சந்தேகப்படவில்லை.

"காரை விட்டுட்டுப் போம்" என்றார். "சூடான எஞ்சின் மறைச்சிடும். விடியக் குளிரா இருக்கேக்க பாப்பம்."

விடிய ஆறு மணிக்குப் போனேன். அவருடைய முதல் சந்தேகம் பிழைத்தது, இதையும் சொல்லவேண்டும். ஃபில்டருக்குப் பிறகு வரும் காற்றுக்குழாய் மூட்டு எங்கேயாவது விட்டிருக்கும், கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று நினைத்தார். மூட்டு மூட்டாகத் துப்புரவாக்கும் ஸ்பிரே அடித்து எஞ்சின் சத்தம் மாறுதா என்று கேட்டார். மாறவில்லை. "அது இல்லை" என்றார், ஏதோ நல்ல செய்தி சொல்கிற மாதிரி. ஒரு சாமானும் வாங்காமல் ஒரு சந்தேகம் தீர்ந்துவிட்டது. என்னுடைய ஒவ்வொரு 'அது இல்லை'க்கும் பல ஆயிரம் ரூபா போயிருந்தது.

பிறகு பேரனைக் கூப்பிட்டு, சைலன்சர் வாயில் ஈரத்துணியைச் சுருட்டி அரைவாசி அமத்திப் பிடிக்கச் சொன்னார். புகை பின்னால் போக வழி குறைந்தால், ஓட்டை இருக்கும் இடத்தால் வரப்பார்க்கும். ஒரு துண்டு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மற்ற முனையை ஹெடர் முழுக்க நகர்த்தினார். மூன்றாம் சிலிண்டர்ப் பக்கம் நின்றார். என்னிடம் குழாயைத் தந்தார். 'புஸ் புஸ்' என்று தெளிவாகக் கேட்டது. டோர்ச் அடித்துப் பார்த்தால் ஹெடர் எஞ்சினோடு சேரும் விளிம்பில் மெல்லிய கரிக்கோடு.

பழைய காஸ்கெட்டையே திரும்பப் போட்டு, மேலே பசை பூசிப் பூட்டியிருக்கிறார்கள். சூடேறி ஆறினதும் நட்டுகள் இளகியிருக்கின்றன. யாரும் திரும்ப இறுக்கவில்லை. இவ்வளவுதான்.

ஒரு காஸ்கெட், நாலு வருத்தம்

ஒரு ஓட்டை எப்படி இவ்வளவையும் செய்தது? இதை விளங்கினதில்தான் எனக்கு உண்மையான சந்தோசம். பேரன் ஸ்கானரோடு வந்து விளங்கப்படுத்தினான்.

புகை ஒரே சீராக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு துடிப்புப் போய் அடுத்தது வருமுன் குழாய்க்குள் அமுக்கம் வெளிக்காற்றை விடக் குறையும். அந்த நேரம் ஓட்டையால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். கொஞ்சம் தள்ளி ஒட்சிசன் சென்சர் இருக்கிறது. அதன் வேலை, புகையில் எவ்வளவு ஒட்சிசன் மிச்சம் என்று பார்த்துச் சொல்வது. இழுபட்டு வந்த ஒட்சிசனைப் பார்த்து அது "காற்றுக் கூட, பெற்றோல் காணாது" என்று அறிவிக்கிறது. கொம்பியூட்டர் நம்புகிறது. பெற்றோலைக் கூட்டுகிறது. எங்கள் காரில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டியிருந்தது. அதுதான் பி 0171. சென்சரில் பிழை இல்லை, கண்டதைத்தான் சொன்னது. காணக்கூடாத காற்று அங்கே வந்ததுதான் பிழை.

கூடின பெற்றோல் முழுக்க எரியாது. பிளக்கில் கரி படிகிறது, கரி வழியாகப் பொறி கசிந்து போகிறது, மிஸ் அடிக்கிறது. மிஸ் அடித்தால் எரியாத ஒட்சிசனும் புகையோடு போகிறது. சென்சர் இன்னும் "காணாது" என்கிறது. கொம்பியூட்டர் இன்னும் ஊற்றுகிறது. நான் புதுப் பிளக் போட்டதும் இரண்டு நாள் நல்லா ஓடினதன் மர்மம் இதுதான். எரியாத பெற்றோல் கொன்வேட்டருக்குள் போய் எரிகிறது. பெற்றோலில் இருக்கும் சொற்பக் கந்தகம் அங்கே ஐதரசன் சல்பைட்டாக மாறுகிறது. கூழ்முட்டை. இன்னும் கொஞ்சக் காலம் ஓடியிருந்தால் கொன்வேட்டரின் உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்திருக்கும்.

நடுக்கம், பெற்றோல் மணம், கூழ்முட்டை என்று மூன்று ஆச்சு. நாலாவது அம்மாவின் தலையிடி.

பெற்றோல் கூடின கலவை எரிந்தால் காபனோரொட்சைட்டு அதிகம் வரும். அது கொன்வேட்டருக்கு முன்னாலேயே, பொனட்டுக்குள் கசிகிறது. காருக்குள் வரும் காற்று முன்கண்ணாடியின் அடியில் இருக்கும் துவாரத்தால், அதாவது பொனட்டின் பின்விளிம்பு ஓரத்தால்தான் எடுபடுகிறது. சாதாரண தரத்தில் எல்லாரும் படித்ததுதான்: இந்த வாயு ஈமோகுளோபினோடு ஒட்சிசனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். நிறமில்லை, மணமில்லை. தலையிடி, குமட்டல், மயக்கம், அதுக்குப் பிறகு நித்திரை.

அன்று கருவி வைத்து யாரும் அளக்கவில்லை. அதனால் சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டேன். ஆனால் காஸ்கெட் மாற்றின பிறகு அதே காரில், அதே பின்சீற்றில், அதே வெயிலில் அம்மா கொழும்பு வந்தா. ஒரு இடியும் இல்லை. மணமில்லாத நஞ்சுக்குக் கூட வரும் ஒரே எச்சரிக்கை, அதோடு சேர்ந்து வரும் மற்றப் புகை மணம்தான். அந்த எச்சரிக்கையை நான் எலுமிச்சம்பழ வாசனை போட்டு மூடினேன். இந்த வசனத்தை எழுத எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

பார்த்ததுக்குக் காசு

காஸ்கெட் 2,800 ரூபா. ஐயா தன் கூலியாக 3,500 கேட்டார். என் மனதில் முதலில் வந்தது: ஒரு காஸ்கெட் மாற்ற 3,500ஆ?

இதைத்தான் நான் கதைக்க வந்தேன். சாமான் மாற்றுகிற மெக்கானிக்குக் கேள்வி கேட்காமல் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறோம், ஏனென்றால் கையில் ஒரு பெட்டி தருகிறார். ஒரு பின்னேரமும் ஒரு விடியற்காலையும் செலவழித்து யோசித்தவருக்குக் கொடுக்கக் கை கூசுகிறது. "சும்மா பாத்ததுக்கு என்ன காசு?" என்று எங்கட ஊரில் யாரும் வெட்கப்படாமல் கேட்பார்கள். பார்ப்பதற்குக் காசு இல்லை என்றால், எந்த மெக்கானிக் பார்ப்பான்? மாற்றத்தான் செய்வான். 'சாமான் மாத்தியே கொல்லுறாங்கள்' என்று நாங்கள் திட்டுகிற கராஜை உருவாக்கினதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. கண்டுபிடிப்பதுதான் வேலை. மாற்றுவது அதுக்குப் பிறகு வருகிற சின்ன வேலை.

ஐயாவுக்கு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1990களில் வடக்குக்குப் பெற்றோல் தடை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின காலம். குளிர் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் இருந்து கொஞ்சம் பெற்றோல் ஊற்றி ஸ்ராட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எங்கள் பெற்றோருக்கு அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில் நிற்கிறது. அந்த எரிபொருளில் எஞ்சின் எந்நாளும் ஏதோ ஒரு விதத்தில் மிஸ் அடிக்கும். புதுச் சாமான் வாங்க வழியில்லை. அப்போ பிழை எங்கே என்று சரியாகத் தெரிந்தே ஆகவேண்டும். ஊகத்துக்குச் செலவழிக்க ஒரு சாமானும் கிடையாது.

இதைச் சொல்லி அந்தக் காலத்தைப் புகழ நான் தயாரில்லை. தடை ஒரு பள்ளிக்கூடம் இல்லை, கொடுமை. ஐயாவும் தன்னைப் புகழவில்லை. "உந்தக் கொம்பியூட்டர் எனக்கு விளங்காது, பேரன்தான் சொல்லுவான்" என்றார். அவருடைய காது ஓட்டையைக் கண்டது. பேரனின் ஸ்கானர் அது ஏன் மற்ற எல்லாத்தையும் குழப்பினது என்று காட்டியது. ஒன்று இல்லாமல் மற்றது அரைவாசிதான். என்னிடம் ஸ்கானர் மட்டும் இருந்தபோது அடுத்ததாகப் பெற்றோல் பம்ப் வாங்கப் போயிருப்பேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யூடியூப்பில் கார்கள் சைலன்சரால் 'பட் பட்' என்று வெடிப்பதைப் பார்த்து அதற்கென்றே டியூன் பண்ணுகிற ஆக்கள் இருக்கிறார்கள். பொறியைப் பிந்தவைத்து, காலை எடுக்கும்போதும் பெற்றோல் ஊற்றி, சிலிண்டருக்குள் எரியவேண்டியதைக் குழாய்க்குள் எரியவிடுவதுதான் அந்தச் சத்தம். மோட்டார் சைக்கிளில் சைலன்சரை மட்டும் மாற்றிவிட்டு, காபரேட்டரைச் சரிபார்க்காமல் ஓடினாலும் வெடிக்கும். அங்கே பெற்றோல் காணாமல் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடாகலாம். வருத்தத்தின் சத்தத்தையே அழகு என்று பழகிவிட்டால், உண்மையான வருத்தம் வரும்போது எப்படிப் பிரித்தறிவோம்?

அப்கிரேட் செய்யாதே என்று சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, விருப்பமும் இல்லை. ஹெடர் இப்பவும் என் காரில்தான் இருக்கிறது. கேட்டால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் இரண்டை ஒன்றாக மாற்றினதால் ஐயாவும் முதலில் ஃபில்டர்ப் பக்கம் தேடவேண்டி வந்தது. கழற்றின பழைய சாமானை விற்காதீர்கள். திரும்பப் போட்டுப் பார்ப்பதை விட நேர்மையான சோதனை இல்லை. ஹெடர் போட்டால் புதுக் காஸ்கெட் கேளுங்கள், சில நூறு கிலோமீற்றரில் நட்டுகளைத் திரும்ப இறுக்குவியுங்கள். 'செக் எஞ்சின்' லைட் மினுங்கி மினுங்கி எரிந்தால், பல கார்களில் அது கொன்வேட்டர் பழுதாகும் அளவுக்கு மிஸ் அடிக்கிறது என்ற சொல், ஓடாமல் நிறுத்துங்கள்.

மணத்துக்கும் கொஞ்சம் மூக்கைக் கொடுங்கள். இனிப்பு மணம் என்றால் ரேடியேட்டர்த் திரவம் கசிகிறது. எண்ணெய் கருகின மணம் என்றால் சூடான குழாயில் எஞ்சின் ஒயில் சொட்டுகிறது. பிளாஸ்டிக் எரிகிற மணம் என்றால் ஏதோ ஒரு வயர் ஹெடரில் முட்டுகிறது. அந்த இடத்திலேயே ஓரங்கட்டி நிறுத்துங்கள். நிறுத்தி வைத்த கார் பச்சைப் பெற்றோல் மணத்தால் ஸ்ராட் பண்ணவே வேண்டாம், ஆளைக் கூப்பிடுங்கள். காருக்குள் தலையிடித்து இறங்கினால் சுகம் என்றால், கண்ணாடியைத் திறந்துவிட்டு நேரே கராஜுக்குப் போங்கள். பார்க்கிறவருக்குப் பார்த்ததற்கான காசைக் கொடுங்கள்.

ஐயாவுக்கு 3,500ஐக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. வெளிக்கிடும்போது அவர் கண்ணாடியில் தொங்கின அட்டையைக் காட்டி, "உதை என்னத்துக்குத் தம்பி?" என்றார். கழற்றி அவருடைய குப்பை வாளிக்குள் போட்டுவிட்டு வந்தேன்.